மூன்றாவது வாக்கெடுப்பு

கூட்டம் எதுவானாலும் ஐந்து நிமிடம் முன்னதாகப் போய் உட்கார்ந்துவிடுவது என் பழக்கம். நகரமன்றக் கூட்டங்களுக்கு அப்படிப் போனால், நாற்காலிகளைத் துடைக்கும் அம்மாவும் நானும் மட்டும்தான் இருப்போம். சமுதாயக் கல்லூரிக்குப் பதினேழு வருடம் முதல்வராக இருந்திருக்கிறேன். அதில் பாதியை அந்த நாற்காலிகளில்தான் தேய்த்தேன்.

எங்கள் கல்லூரிக்கு மேலிடத்துப் பணம் கிடையாது. வீட்டுவரியோடு கூடுதலாகக் கொஞ்சம் தருகிறோம் என்று ஊர்க்காரர்கள் வாக்களித்தால்தான் கட்டடமோ கருவியோ புதுப்பிக்க முடியும். இரண்டு முறை கேட்டோம். இரண்டு முறையும் கையை விரித்தார்கள். இரண்டாவது முறை கைவிரித்த அதே வருடம் கடைவீதியில் நீரூற்று வைக்க மட்டும் ஒருமனதாகக் கையைத் தூக்கினார்கள். அதில் தண்ணீர் வருவதில்லை. விளக்கு எரிகிறது.

எங்கள் வாகனப் பட்டறையில், காரைத் தலைக்கு மேல் தூக்கி நிறுத்தும் பழைய லிஃப்ட் ஒன்று. அதன் கொக்கி தேய்ந்து, தூக்கிய வண்டி தன் பாட்டுக்கு இறங்க ஆரம்பித்திருந்தது. பட்டறை ஆசிரியர் அதில் 'பழுது, தொடாதீர்கள்' என்று ஒரு பலகையைத் தொங்கவிட்டு, எனக்கு வாரம் ஒரு கடிதம் எழுதினார். நல்ல மனிதர். எழுத்துப்பிழை அதிகம். நான் திருத்தி நகரமன்றத்துக்கு அனுப்பினேன், படங்களோடு. தேய்ந்த கொக்கியின் படத்தைப் பார்த்து யாரும் கலங்குவதில்லை. அவர்களைக் குறை சொல்லமாட்டேன். இரும்புக்கு முகம் கிடையாது.

மூன்றாவது வாக்கெடுப்புக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு முகம் தேவை என்ற முடிவுக்கு வந்தேன்.

வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுக்க உட்கார்ந்தேன். வயதானவர் என்றால் 'இருந்து அனுபவிச்சாச்சு' என்பார்கள். இளவட்டம் என்றால் 'விளையாட்டுத்தனம்' என்று கழித்துக்கட்டிவிடுவார்கள். பள்ளிப் பேருந்து ஓட்டும் பெண்ணின் வரியில் பேனா நின்றது. முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகள். ஊரில் பாதி வீடுகளின் வாசலில் தினமும் ஹாரன் அடிப்பவர். பேருந்து நடுவழியில் நின்றால் பிள்ளைகள் வெயிலில் காயக்கூடாது என்றுதான் எங்களிடம் மெக்கானிக் வேலை கற்க வந்திருந்தார். இதைவிடப் பொருத்தமான ஆளை நீங்களும் கண்டுபிடித்திருக்க முடியாது.

சனிக்கிழமை பகலில் அது நடந்தது. ஆசிரியரை வெளியூர்ப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தேன். பலகையைக் கழற்றி வைத்துவிட்டு, என் காரையே லிஃப்டில் ஏற்றினேன். அடுத்தவர் பொருளுக்குச் சேதம் வரக்கூடாதில்லையா. அடியில் எண்ணெய் ஒழுகுகிறது, பார்த்துத் தர முடியுமா என்று அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன்.

அவர் லிஃப்டை மேலும் கீழும் பார்த்தார். "சார், இது ரிப்பேர்னு மாஸ்டர் சொன்னாரே?"

"சரி பண்ணியாச்சும்மா. நம்பிப் போங்க."

"நீங்க சொன்னா சரிதான் சார்." டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு அடியில் போனார்.

கால் முறியும், ஊர் கலங்கும், அதோடு முடியும் என்றுதான் நினைத்திருந்தேன். வண்டி மொத்தமாக இறங்கிவிட்டது.

வாக்கெடுப்பில் நூற்றுக்கு எண்பத்தொன்பது பேர் ஆதரவு. இரண்டு முறை கைவிரித்தவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். புதிய பட்டறையில் ஆறு லிஃப்ட். வாசலில் அந்தப் பெண்ணின் பெயர். அவருடைய கணவர்தான் நாடாவை வெட்டினார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவ போனது வீண் போகல சார்," என்றார். இத்தனை வருட வேலைக்கு எனக்குக் கிடைத்த நேர்மையான பாராட்டு அது ஒன்றுதான்.

பலகை காணாமல் போனதற்கு ஆசிரியரைப் பொறுப்பாக்கி வேலையை விட்டு அனுப்பினார்கள். வழக்கும் அவர் மேல்தான். நான் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. என்னை யாரும் கேட்கவில்லை.

பலகையில் கல்லூரியின் சொத்து எண் இருந்ததால் தூக்கி எறிய மனம் வரவில்லை. வீட்டில் பீரோவுக்குப் பின்னால் வைத்தேன். வெள்ளையடிக்க பீரோவை நகர்த்தியபோது என் மனைவி பார்த்திருக்கிறாள். பலகையைத் துணியில் சுற்றி நேரே உங்களிடம் கொண்டு வந்துவிட்டாள். இருபத்தெட்டு வருடத்தில் என்னிடம் சொல்லாமல் அவள் எங்கேயும் போனதில்லை.

ஆம்புலன்ஸுக்கு உடனே போன் செய்தீர்களா என்று இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள். இல்லை. வண்டிக்கடியில் அந்தப் பெண்ணுக்குப் பேச்சு இருந்தது. பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அடிபட்டவரைப் பற்றி ஊர் ஒரு வாரம் பேசும். வாக்கெடுப்புக்கோ முழுதாக இரண்டு வாரம் பாக்கி இருந்தது. யோசித்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு அருகில் உட்கார்ந்து, சத்தம் அடங்கும்வரை இருந்தேன். தனியாக விடவில்லை. பிறகுதான் போன் செய்தேன்.

அவ்வளவுதான். கையெழுத்து எங்கே என்று காட்டுங்கள்.

உங்கள் தலைக்கு மேலே சுவரில் ஓதம் இறங்கி மின்பெட்டி வரை வந்துவிட்டது, கவனித்தீர்களா? மேலிடத்துக்கு எழுதியிருப்பீர்கள், பதில் வந்திருக்காது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அனுபவத்தில் கேட்கிறேன்: இந்தக் காவல் நிலையத்தில், ஊருக்கே பிடித்தவர் என்று யாராவது இருக்கிறாரா?