பின்கதவைத் தட்டிய பிள்ளை

பெயர்: ரோஸ்லின் அபோண்டி. வயது: 34. முகவரி: சந்தைக்குப் பின்புறம், ந்யலெண்டா, கிசுமு நகர், கென்யா. தொழில்: குழந்தைகள் காப்பகத்தில் ஆயா.

நான் மேற்படி முகவரியில் குடியிருந்து வருகிறேன். பெர்பெதுவா அஜ்வாங் என்பவர் நடத்தும் காப்பகத்தில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். என்னிடம் சான்றிதழ் எதுவும் கிடையாது. அனுபவம் உள்ளவர்களை வேலை செய்யும் இடத்திலேயே பார்த்துச் சான்றிதழ் கொடுக்கும் தேர்வுக்கு என் பெயர் வந்தது. தேறினால் நான் ஆயா இல்லை, டீச்சர். புதுக் கிளைக்கு என்னைப் பொறுப்பாளராகப் போடுவதாக அஜ்வாங் அம்மா சொல்லியிருந்தார். எனக்கு அந்த ஆசை நிறையவே இருந்தது.

சம்பவத்தன்று காலை எனக்குத் தேர்வு. ஒரு ஆயாவுக்கு இத்தனை பிள்ளைகள்தான் என்ற விதிக்கு மேல் எங்களிடம் பிள்ளைகள் இருந்ததால், அதிகப்படியானவர்களைப் பக்கத்தில் மீன் பொரித்து விற்கும் ஒதேரா அம்மா வீட்டில் மறைத்து வைக்கும்படி அஜ்வாங் அம்மா சொன்னார். கொண்டுபோய் விட்டது நான்தான். அவர்களில் இரண்டு வயது ஒபூயாவும் ஒருவன். என் முதுகில் துணியால் கட்டிக்கொண்டால்தான் அவன் தூங்குவான். "கொதிக்கிற எண்ணெயப் பாக்கவா, இதுங்களப் பாக்கவா?" என்று ஒதேரா அம்மா சத்தம் போட்டார். "கொஞ்ச நேரந்தான்க்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதன் பிறகு தேர்வாளர் அம்மா வந்து உட்கார்ந்தார். அஜ்வாங் அம்மா பின்கதவை உள்பக்கமாகப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் நின்றார். நான் பாட்டுச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்த பிறகு பின்கதவுத் தகரத்தை யாரோ தட்டினார்கள். அதன் பிறகு அழுகை கேட்டது. ஒபூயாவின் அழுகை எனக்குத் தெரியாதா? ஒதேரா அம்மா வீட்டிலிருந்து தனியாக வந்துவிட்டான். பாட்டை நிறுத்தினேன். "அது யாரு?" என்று தேர்வாளர் கேட்டார். "பக்கத்து வீட்டு வாலுங்க மேடம், எப்பவும் இப்படித்தான்" என்று சிரித்துவிட்டு, அஜ்வாங் அம்மா என்னை முறைத்தார். நான் பாடினேன். பிள்ளைகளையும் சத்தமாகப் பாடச் சொன்னேன். தேர்வாளர் தலையாட்டி ஏதோ எழுதிக்கொண்டார்.

அதன் பிறகு தட்டுவது நின்றுவிட்டது. நான் மறுபடியும் பாட்டை நிறுத்தினேன். அந்தக் கதவுக்கு வெளியே மழைத்தண்ணீர் ஓடும் சாக்கடை இருக்கிறது. "மேடம், அது எங்க பிள்ள" என்று சொல்லிவிட்டுச் சாவியைக் கேட்டேன். அஜ்வாங் அம்மா கையை இறுக்கி மூடிக்கொண்டு, "பொறுடி, எல்லாத்தையும் கெடுத்துடாத" என்றார். நான் அவர் விரல்களைப் பிரித்துச் சாவியை எடுத்தேன். அவர் கையில் உள்ள கீறல் அப்போது ஏற்பட்டது. வெளியே ஒற்றைச் செருப்பு மட்டும் கிடந்தது. சாக்கடையில் இறங்கி அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வழியில் தண்ணீரைக் கக்கிவிட்டு அழுதான். பிழைத்துக்கொண்டான்.

சான்றிதழ் இல்லாத ஆயாவின் கவனக்குறைவு என்று அஜ்வாங் அம்மா போலீசில் புகார் கொடுத்திருப்பதாக அறிகிறேன். தேர்வு நடக்கும்போது அறையை விட்டு வெளியேறியதால் நான் தேறவில்லை என்று தேர்வாளரும் எழுதிவிட்டார். அதற்கு முன் பாடிய பாட்டுக்கு மட்டும் முழு மதிப்பெண் போட்டிருக்கிறார். அந்த மதிப்பெண் எனக்கு வேண்டாம் என்பதையும் இதில் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னதெல்லாம் நடந்ததுதான்.

(ஒப்பம்) ரோ. அபோண்டி