குவியல் போதவில்லை

உசிப்பாவை வெயிலில் காயவைத்துத் தக்காளியோடு வதக்கினால், சிமாக் களிக்கு வேறு எதுவும் வேண்டாம். நீதிபதி ஐயா நகரத்துக்காரர். ஆனாலும் மலாவி ஏரியின் அந்தப் பொடிமீனைச் சாப்பிடாமல் இருந்திருக்க மாட்டீர்கள். எஸ்தெலே கொடுத்த புகாருக்குப் பதில் சொல்ல அழைத்திருக்கிறீர்கள். நான் செய்ததெல்லாம் அந்த மீனுக்காக என்றால் பாதி உண்மை. மீதியை வரிசையாகச் சொல்லப் பார்க்கிறேன். வரிசை தவறினால் திருத்துங்கள்.

எங்கள் கரையில் கொசுவலையால் மீன் பிடிப்பார்கள். நாலைந்தைச் சேர்த்துத் தைத்து இழுத்தால், நேற்றுப் பொரித்த குஞ்சுகூடத் தப்பாது. வலைகளைக் கொடுத்தது ஒரு வெளிநாட்டுச் சுகாதாரத் திட்டம். மீனைக் காக்க வந்தது இன்னொன்று. பிறகு இரண்டையும் ஒன்றாக்கினார்கள். ஏரி பிழைத்தால்தான் ஊர் பிழைக்கும் என்றார்கள். எனக்கும் சரியாகத்தான் பட்டது. கொசுவலை மீன்பிடிப்பை ஒழித்தால், பிரசவ அறையோடு மருத்துவமனை கட்டித் தருவார்கள். என் அம்மா பிரசவ வலியோடு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் படகிலேயே இறந்தவள். மீன்பிடிப்பை மேற்பார்க்கும் கரைக் குழுவின் செயலாளர் நான்.

பணம் தருகிற விருந்தினர்கள் வரும் நாளில், பறித்த வலைகளை எரித்துக் காட்டவேண்டும். செய்தி எப்படியோ கசிந்தது. வலை இழுப்பவர்கள் எல்லாவற்றையும் படகில் ஏற்றித் தீவில் ஒளித்துவிட்டார்கள். கரையில் சேர்ந்தது முழங்கால் உயரம். திட்ட அலுவலர் கலிண்டே அதைக் காலால் தள்ளிப் பார்த்தார்.

“என்னப்பா லாக்ஸன், இதுல டீ போடக்கூடத் தீ காணாதே. இதப் படம் புடிச்சு அனுப்புனா மருத்துவமன வருமா, மாத்திரப் பெட்டி வருமா?”

அவர் வேறு எதுவும் சொல்லவில்லை. அவர்மேல் பழி வேண்டாம். வீடுகளுக்குள் போகலாம் என்று நினைத்தது நான்தான்.

மீன் பிடித்த வலையைக் கண்டுபிடிப்பது எளிது. தையல் இருக்கும், செதில் ஒட்டியிருக்கும், எத்தனை முறை கழுவினாலும் வாடை போகாது. பாய்களுக்கு மேல் தொங்கியவற்றில் அப்படி ஒன்றும் இல்லை. கரையில் மந்தாசிப் பணியாரம் சுட்டு விற்கும் எஸ்தெலே, தன் கைக்குழந்தை அலினாஃபேவுக்குக் கட்டியிருந்த வலையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“தம்பி, நீயே மோந்து பாரு. மீன் வாட வருதா?”

மோந்து பார்த்தேன். பால் வாசனை வந்தது.

“மருத்துவமனையோட சேத்துப் புதுசு தர்றாங்கக்கா. இது பழசுதானே.”

“அதுவரைக்கும்?”

“கொஞ்ச நாள்தான்.”

“மீனப் பாத்துப் பாவப்படுற, சரி. கொசுவுக்கும் விருந்து வைக்கிறியாக்கும்?”

சிரித்துக்கொண்டேதான் அவிழ்த்தாள். மடித்தும் கொடுத்தாள்.

நன்றாக எரிந்தது. விருந்தினர்கள் கைதட்டினார்கள்.

புது வலைகள் வரவில்லை. திட்டங்கள் ஒன்றானபோது வலைக்கு ஒதுக்கிய பணம் எங்கே போனது என்று கலிண்டேவுக்கும் தெரியவில்லை. மழை முந்திக்கொண்டது. அலினாஃபேவுக்குக் காய்ச்சல் கண்டதும் படகு ஏற்பாடு செய்தது நான்தான். அம்மா போன அதே வழி. அந்தக் குழந்தையும் ஆஸ்பத்திரிவரை உயிரோடு போய்ச் சேரவில்லை. அந்த மழைக்காலத்தில் வேறு குழந்தைகளும் போயின. பெயர் கேட்டால் சொல்வேன்.

குழந்தைக்கு ஏன் வலை இல்லை என்று சுகாதாரத்துறையினர் வந்து கேட்டார்கள். எஸ்தெலே அதில் மீன் பிடித்தாள், அதனால் பறித்தோம் என்றேன். உள்ளதைச் சொல்லியிருந்தால் கட்டட வேலை நின்றிருக்கும். ஒருத்தியின் பெயரா, ஊருக்கே மருத்துவமனையா என்று நிதானமாக யோசித்துத்தான் சொன்னேன். அவள் இனிக் கரையில் விற்கக்கூடாது என்று குழு தீர்மானம் போட்டது. வாசித்தது நான். பிள்ளையை உசிப்பாவுக்கு விற்றவள் என்று பெண்கள் அவள் காதுபடவே பேசினார்கள். அவள் அவர்களிடம் சண்டைக்குப் போகவில்லை. என்னிடம் மட்டும் வந்து நின்றாள்.

“நீ மோந்து பாத்தியே, தம்பி.”

அவ்வளவுதான் கேட்டாள்.

அவள் அந்த வலையால் மீன் பிடிக்கவில்லை. அவள் புகாரில் இருப்பது அத்தனையும் உண்மை. எழுதிக்கொள்ளுங்கள். மீன் பெருகியிருக்கிறது என்பதும் உண்மைதான். அதையும் சேர்த்து எழுதினால் நல்லது. மருத்துவமனைச் சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்துவிட்டது.

என் வீட்டு வலையைப் பற்றிக் கேட்டீர்கள். இருக்கிறது. என் மகன் அதற்குள்தான் தூங்குகிறான். அன்று அதையும் அவிழ்க்கத்தான் வீட்டுக்குப் போனேன், ஐயா. அதற்குள் குவியல் போதுமான உயரத்துக்கு வந்துவிட்டது.