வேரில்லாத முடி

என் பெயரும் விலாசமும் இதன் தலைப்பில் கண்டபடி. வயது நாற்பத்து மூன்று. என் மனைவியின் அண்ணனுக்குச் சொந்தமான நாட்டுக் குதிரைப் பண்ணையில் ஆறு வருடங்களாகக் குதிரைகளைப் பராமரித்து வருகிறேன். நான் சேர்ந்த அன்றே மச்சான் சினைக்கு விடும் பொலிகுதிரையைக் காட்டி, இனப் பதிவேட்டில் உள்ள தளபதி என்ற குதிரை இதுதான் என்றார்.

சென்ற வருடம் கருப்பி என்ற பெண்குதிரையைத் தளபதியோடு சேர்த்தபோது கயிறு என் கையில் இருந்தது. அதன் பின்பு குட்டி போடும்வரை கருப்பி தனிக் கொட்டடியில் இருந்தது. சாவி என் இடுப்பில் இருந்தது. முன்பெல்லாம் குட்டியைப் பதிவு செய்ய மச்சானின் கையெழுத்தே போதும். இந்த வருடம் டி.என்.ஏ. சோதனை கட்டாயமானதால், கால்நடை மருத்துவர் கருப்பியின் பிடரியிலும் குட்டியின் பிடரியிலும் முடிகளை வேரோடு பிடுங்கி அனுப்பினார். தளபதியின் டி.என்.ஏ. விவரம் எட்டு வருடங்களுக்கு முன்பே பதிவாகியிருந்ததால் அதனிடம் எடுக்கவில்லை. ஐந்து வாரம் கழித்து முடிவு வந்தது. தாய் கருப்பிதான், தகப்பன் தளபதி அல்ல.

அதன் பின்பு மச்சான் வேலையாட்கள் முன்னிலையில், "எவன் குதிரையடா உள்ள விட்டே?" என்று கேட்டார். அதுவரை என்னை 'நீங்க' என்றுதான் பேசுவார். அன்றே என் மீது போலீசில் புகாரும் கொடுத்தார். என் மனைவி, "எங்கண்ணன் பொய் சொல்ல மாட்டாரு" என்று சொல்லி மகளை அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதன் பின்பு தளபதியையும் சோதிக்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டேன். மச்சான், "அது கடிக்கும், நானே எடுத்துத் தரேன்" என்றார். தளபதி என் ஏழு வயது மகளின் கையிலிருந்து கேரட் தின்னும் குதிரை. மறுநாள் மருத்துவரிடம் சேர்க்கச் சொல்லி அவர் கொடுத்த உறையைப் பிரித்துப் பார்த்தேன். எல்லா முடியும் ஒரே நீளம், கத்தரிக்கோலால் வெட்டியது, ஒன்றில்கூட வேர் இல்லை. வேர் இல்லாத முடியை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. இருபது வருடம் குதிரை வளர்ப்பவருக்கு இது தெரியாது என்று நம்ப நான் காதில் பூ வைத்தவன் அல்ல. அப்போதுதான் எனக்கு மச்சான் மேல் சந்தேகம் வந்தது.

அதன் பின்பு காவலர் முன்னிலையில் மருத்துவரே முடி பிடுங்கினார். தளபதி அசையாமல் நின்றது. மச்சான் குதிரையைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முந்தாநாள் முடிவு வந்தது. குட்டிக்குத் தகப்பன் இந்தக் குதிரைதான். ஆனால் இந்தக் குதிரை பதிவேட்டில் உள்ள தளபதி இல்லை. அசல் தளபதி நான் சேருவதற்கு முன்பே செத்துவிட்டதாக மச்சான் நேற்று மருத்துவரிடம் ஒப்புக்கொண்டார். ஆறு வருடமாக நான் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் இந்தக் குதிரை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது.

நேற்று மாலை என் மனைவி போனில், "அண்ணனை மிரட்டித்தானே அப்படிச் சொல்ல வெச்சீங்க?" என்று கேட்டாள். ஆகையால் இந்த வாக்குமூலத்தின் நகல் ஒன்றும் சோதனை முடிவின் நகல் ஒன்றும் எனக்குத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். அவளிடம் காட்ட வேண்டும்.

எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்)