பின்துண்டு

— வெட்டிடாதீங்க, மாஸ்டர்.

— வா, ஊசி. சாம்பிள் ரூம்ல தைக்க ஒண்ணும் இல்லையா? கட்டிங் டேபிளுக்கு வந்து அதிகாரம் பண்றே.

— துணி எத்தனை மடிப்பு விரிச்சிருக்கீங்க?

— எண்பது. எண்ணிக் காட்டவா?

— சுருட்டி வெச்சிடுங்க.

— ஏம்மா, எண்ணாயிரம் பேன்ட். ஆர்டர் குடுத்த பையர் சாம்பிளைப் பாத்து ஓகே சொல்லி சீல் போட்டாச்சு, மேனேஜர் எல்லாருக்கும் ஸ்வீட் குடுத்தாச்சு. நீயும் ரெண்டு தின்னே, நான் பாத்தேன்.

— பேன்ட் தப்பா வரும், மாஸ்டர்.

— அஞ்சாவது சாம்பிளை உன் கையாலதானே தைச்சே? என் பேட்டர்னை வெச்சுத்தானே?

— அதான்...

— அதான் என்ன?

— முதல்ல உங்க பேட்டர்ன்படிதான் தைச்சேன். அளவுக்குப் போட்டுக் காட்டற பொண்ணு போட்டா. நின்னா அழகா இருந்துது. குனிஞ்சதும்...

— சொல்லு.

— பின்னால இடுப்பு சரசரன்னு இறங்கிடுச்சு. கவட்டுல பிடிச்சுது. இது நர்சுங்க போடற பேன்ட், மாஸ்டர். நாள் பூரா குனிஞ்சு நோயாளியைத் தூக்கறவங்க.

— எனக்கே பாடமா? அதுக்குத்தானே இந்தப் புது மாடலே.

— அதே குறைக்குத்தான் நாலு சாம்பிள் திரும்பி வந்துது. அஞ்சாவதும் வந்தா மாடலையே தூக்கிடுவேன்னு மேனேஜர் கத்திட்டுப் போனார். ஆறு மணிக்குக் கூரியர். அன்னிக்கு நீங்க லீவு.

— பல் பிடுங்கப் போயிருந்தேன். சரி... அதனால?

— பேன்ட்டோட பின்துண்டைப் பிரிச்சுத் தூரப் போட்டேன். புதுசா வெட்டினேன்.

— எதை வெச்சு?

— எதையும் வைக்கலை. அந்தப் பொண்ணைக் குனிஞ்சபடியே நிக்கச் சொல்லி, இடுப்புமேல துணியைப் போட்டு, அப்படியே கோடு இழுத்து...

— குனிஞ்சபடியேவா?

— ஆமா. திட்டறதுன்னா திட்டிடுங்க.

— ...என்கிட்ட ஏன் சொல்லலை?

— போன் பண்ணினேன். எடுக்கலை. அப்புறம் பயம். உங்க பேட்டர்ன்ல கை வெச்சவங்க இங்க ஒரு வாரம் தாண்டினதில்லை.

— அது ரெண்டு பேர்தான்.

— மூணு.

— சரி, மூணு. இப்ப மட்டும் பயம் எங்க போச்சு?

— எங்கயும் போகலை. ஆனா நீங்க வெட்டினா எண்ணாயிரமும் பழைய பின்துண்டோட போகும். எவளோ ஒருத்தி வார்டுல குனிஞ்சு, ஒரு கையால நோயாளியையும் ஒரு கையால பேன்ட்டையும் பிடிச்சிட்டு நிப்பா. நான் மேனேஜர்கிட்ட போறேன்.

— வேலை போகும்.

— போகட்டும். தைக்கத் தெரிஞ்சவளுக்கு ஒரு மெஷின் கிடைக்காமலா போகும்?

— நில்லு.

— மறைக்கச் சொல்லாதீங்க, மாஸ்டர். அது மட்டும் நடக்காது.

— மறைக்க என்ன இருக்கு? ரெண்டு பேரும் சேந்தே போவோம். அதுக்கு முன்னால அந்தப் பின்துண்டை வரைஞ்சு குடு.

— திட்டலையா நீங்க? என்ன இது... மாஸ்டர், டேபிளுக்கு அடியில எதுக்கு இத்தனை காகிதம்? எல்லாமே பின்துண்டா இருக்கு...

— கட்டிங் மெஷினுக்கு பிளேடு வரலைன்னு மேனேஜர்கிட்ட பொய் சொல்லி, நாலு நாளா இந்தத் துணியை வெட்டாம வெச்சிருக்கேன், ஊசி. சீல் போட்ட பீஸைப் பாத்ததுமே பின்துண்டு என்னோடது இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு. அதைப் பிரிக்கவும் முடியாது, உன்கிட்ட கேக்க வாயும் வரலை. அளந்து அளந்து வரையறேன்... ஒவ்வொரு தடவையும் என் பேன்ட்தான் வருது. உன்னோடது வரவே மாட்டேங்குது.