பிடித்ததா என்று கேட்ட அட்டை

கேசட்டை வாயால் ஊதிவிட்டுச் செருகினால் படம் தெளிவாக வரும் என்பதை முதலில் கண்டுபிடித்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. கோயமுத்தூரில் டி.வி. கேம் வைத்திருந்த எல்லாக் குழந்தைகளுக்கும் அது தெரிந்திருந்தது. கடையில் பெட்டியை ஓட்டிக் காட்டும்போது நானும் ஊதுவேன். நீங்கள் அந்தப் பெட்டியைப் பார்த்ததில்லை என்றீர்கள், அதனால் சொல்கிறேன். டி.வி.யோடு ஒயரை மாட்டி, கேசட்டைச் செருகி, கையில் பட்டனை வைத்துக்கொண்டு விளையாடுவது. முழுவதையும் எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுவது எனக்குச் சிரமமில்லை.

என் பெயர் கிருபாசங்கர். ஆர்.எஸ்.புரத்தில் இருக்கும் கடை அப்பா காலத்தில் மோட்டார் பம்பு கடை. நான் தலையெடுத்த பிறகு டி.வி., டேப் ரிக்கார்டர் என்று மாறினேன். 1994 ஆடி மாதம், டி.வி. கேம் கம்பெனியின் மெட்ராஸ் ஆபீஸிலிருந்து ஒருவர் வந்தார். அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"ஏனுங்க, எத்தனை வித்தா ஒரு கேம் ஓடிருச்சுன்னு அர்த்தமுங்க?"

வெளிநாட்டில் பத்து லட்சம் என்றார். சில கேம் இருபது லட்சம் விற்றும் போட்ட செலவைத் தேற்றாது, சில ஒரு லட்சத்திலேயே பிழைத்துக்கொள்ளும் என்றும் சொன்னார். எனக்கு இந்த மாதிரி வழவழா கொழகொழா பதில் பிடிக்காது. எங்கள் ஊருக்கு எத்தனை என்று கேட்டேன். கடையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு ஆயிரம் பெட்டி என்றார். தீபாவளிக்குள் ஆயிரம் விற்றால் ஈரோடு வரைக்கும் ஏஜென்சி எனக்கே. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது விற்றால் என்ன என்று கேட்டேன். அவர் சிரித்தார். நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

ஒரு நிபந்தனை இருந்தது. பெட்டி கடையை விட்டுப் போனால் மட்டும் விற்பனை ஆகாது. கடைக்காரர்கள் சரக்கைக் குடோனில் பதுக்கிவிட்டு விற்றதாகக் காது குத்துவார்களாம். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஓர் அட்டை இருக்கும். வாங்கியவர் அதை நிரப்பித் திருப்பித் தந்தால்தான் ஒன்று என்று எண்ணுவார்கள். தருகிறவர்களுக்கு ஒரு கேசட் இலவசம். அட்டையில் பேர், ஊர், அப்புறம் ஒரே ஒரு கேள்வி. "விளையாட்டுப் பெட்டி பிடித்ததா?"

பெட்டிகள் ஆயிரத்துச் சொச்சம் வந்தன. கரண்ட்டைக் குறைத்துத் தருகிற அடாப்டர் நானூறுதான் வந்தது. மீதிக்குக் கம்பெனியை எதிர்பார்த்தால் தீபாவளி போய்விடும். கணபதியில் மோட்டார் காயில் கட்டும் அழகிரிசாமியிடம் கொடுத்தேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் காயில் கட்டுகிற கை அவருக்கு. உள்ளே இரண்டு காயிலுக்கும் நடுவே மூன்று சுற்றுத் தாள் வைக்க வேண்டும். வீட்டுக் கரண்ட் நேராகப் பெட்டிக்குள் பாயாமல் தடுப்பது அந்தத் தாள்தான். மூன்று சுற்று வைத்தால் நான் வாங்கிக் கொடுத்திருந்த பிளாஸ்டிக் மூடி மூடவில்லை.

"ஒரு சுத்துப் போதுமுங்களா?" என்று கேட்டார். மறுநாளும் ஆள் அனுப்பிக் கேட்டார். போதுமுங்க என்றேன். அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள். அவர்மேல் தப்பில்லை.

பல்லடம் பக்கம் தறிகள் ஒரே நேரத்தில் நின்றால் லைனில் வோல்டேஜ் எகிறும், ஒற்றைத் தாள் அதில் கருகிவிடும். பம்பு விற்றவன் மகனுக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும்.

அட்டைகள் வர ஆரம்பித்தன. என் மனைவி கோமளாதான் கடையில் உட்கார்ந்து அவற்றைப் பிரித்து அடுக்குவாள். முக்கால்வாசி அட்டையில் ஒரே வார்த்தை, "பிடித்தது". புரட்டாசியில் அந்தியூரிலிருந்து ஒன்று வந்தது. "பிடித்தது. இரண்டு தடவை."

"ஏனுங்க, இதென்னங்க ரண்டு தடவைன்னு எழுதியிருக்குது?" என்றாள் கோமளா.

"ரண்டு தடவ விளையாடியிருப்பாங்க" என்றேன்.

எங்கள் பக்கத்து மனிதர்களைப் பற்றி உங்களுக்குத் தெரியும். உங்கள் சரக்கு மோசம் என்று முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள், எழுதவும் மாட்டார்கள். ஷாக் அடித்தால் கரண்டு புடிச்சுருச்சு என்பார்கள். அட்டை பிடித்ததா என்று கேட்டது. பிடித்தது என்று மரியாதையாகப் பதில் எழுதினார்கள். "நன்றாகப் பிடிக்கிறதுங்க." "காலையில் பிடிப்பதில்லை, சாயங்காலம் பிடிக்கிறது." இப்படிப் பதினோரு அட்டை. தொள்ளாயிரத்தில் பதினொன்று என்றால் நூற்றுக்கு ஒன்றேகால்கூட இல்லை. எல்லாவற்றையும் பிடித்தவர்கள் கட்டிலேயே சேர்த்தேன். கம்பெனிக்காரர்களும் அப்படித்தான் படித்தார்கள்.

மாரப்பன் நேரில் வந்தார். பல்லடத்தில் தறி ஓட்டுகிறவர். செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்து, இரண்டு பேருக்கு வியாபாரம் முடியும்வரை ஓரமாக நின்றார். அப்புறம் சொன்னார்.

"ஏனுங்க, பொட்டி புள்ளையப் புடிக்குதுங்க."

"புள்ளைக்குப் புடிச்சா நல்லதுதானுங்களே" என்று சிரித்தேன். நான் சிரித்ததைப் பார்த்து அவரும் சிரித்தார். கடைக்காரர் சிரிக்கும்போது தான் மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வது அவருக்கு மரியாதையாகப் படவில்லை. இன்றைக்கும் என்னைத் தூங்க விடாதது அந்தச் சிரிப்புதான்.

"ஈரக் கையோட தொட வேண்டாம்னு சொல்லுங்க" என்றேன். சரிங்க என்றார். அட்டையை எடுத்துக் கொடுத்தார். ஒரு கேசட் தர வேண்டிய இடத்தில் இரண்டு தந்தேன். வாயெல்லாம் பல்லாகப் போனார். அவருடைய அட்டை தொள்ளாயிரத்து எழுபத்து நாலாவது.

அதைக் குழந்தையே நிரப்பியிருந்தது. அன்புச்செல்வி, ஐந்தாம் வகுப்பு. பென்சிலில், கோடு போட்டு, கோட்டுக்கு மேல் எழுதியிருந்தாள். "எனக்கு இதை ரொம்பப் பிடிக்கும். இதுவும் என்னைப் பிடிக்கும்."

தீபாவளிக்கு ஆறு நாள் முன்பு பேப்பரில் நாலு வரிச் செய்தி வந்தது. பல்லடம் அருகே டி.வி.யைத் தொட்ட சிறுமி மின்சாரம் தாக்கிப் பலி. ஊரைப் பார்த்தேன், பேரைப் பார்த்தேன். பஸ் ஏறிப் போனேன். மாரப்பன் எழுந்து எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார்.

"யாவாரம் நடக்கற நேரத்துல கடைய உட்டுப்போட்டு வந்திருக்கறீங்களே" என்றார். தலைக்கு ஊற்றிவிட்டு வந்தவள், ஈரக் காலோடு கேசட்டை மாற்றி, டி.வி.க்குப் போகும் ஒயரின் இரும்பு நுனியை அழுத்தியிருக்கிறாள். "டி.வி.யிலதான் ஏதோ கோளாறுங்க. உங்க பொட்டி மேல குத்தமில்லீங்க. புள்ள அதுமேல உசுரா இருந்துச்சுங்க."

அவள் அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பெட்டியையும் அடாப்டரையும் ஒரு பையில் போட்டுக்கொண்டேன். கண்ணில் பட்டால் மனசு கஷ்டப்படும், நானே எடுத்துப் போகிறேன் என்றேன். மாரப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வரும் வழியில் நொய்யல் பாலத்திலிருந்து பையை ஆற்றில் போட்டேன்.

அன்றைக்குக் கணக்கு தொள்ளாயிரத்து எண்பத்தொன்று. மீதிப் பத்தொன்பதையும் விற்றேன். பதினாறு அழகிரிசாமியின் அடாப்டரோடு போயின. தீபாவளிக்கு முதல் நாள் ஆயிரமாவது அட்டை வந்தது. ஏஜென்சியும் வந்தது. அந்த வருஷம் எங்கள் பக்கத்தில் அந்தக் கேம் அமோக வெற்றி என்றார்கள், எண்ணிக்கையைப் பார்த்தால் வெற்றிதான்.

மூன்று வருஷம் கழித்து ஏன் ஸ்டேஷனுக்கு வந்தாய் என்று கேட்டீர்கள். கோமளா சாப்பாடு போட்டுவிட்டு, "கொளம்பு புடிச்சுதுங்களா?" என்று தினமும் கேட்கிறாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. சோற்றில் கை வைத்தபடியே உட்கார்ந்துவிடுகிறேன். பென்சில் எழுத்துத்தான் கண்ணுக்கு முன்னால் வருகிறது. பயமாக இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை.

மற்றபடி நீங்கள் நேற்று என்னைக் கல்நெஞ்சக்காரன் என்றது சரியில்லை. எனக்கும் பெண் குழந்தை இருக்கிறது. ரித்திகாவுக்கு அப்போது எட்டு வயது, வீட்டிலும் ஒரு பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. அந்தியூர் அட்டை வந்த அன்று மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போய், அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் அழகிரிசாமியின் அடாப்டரைப் பிடுங்கிவிட்டு, கம்பெனி அடாப்டரை மாட்டினேன். குழந்தைகள் விஷயத்தில் நான் ஒரு நாள்கூட அசட்டையாக இருந்ததில்லை என்பதையும் தயவுசெய்து சேர்த்துக்கொள்ளுங்கள்.