பைய இன்னும் கட்டாதீங்க சார்

இல்லீங்க சார், ஸ்டாம்பு வேணாம். ஸ்டாம்புதான் காலையிலயே வாங்கி ஒட்டிப்புட்டனே. ரெண்டு கவரு. ரெண்டையும் நானே என் கையால அந்தச் செவப்புப் பொட்டியில போட்டேன். இப்ப அந்த ரெண்டும் எனக்குத் திரும்ப வேணுமுங்க. அதத்தான் அப்பலேர்ந்து கேட்டுக்கிட்டு நிக்கறேன்.

பொட்டியத் தொறந்து எடுத்தாச்சுங்களா? அய்யோ மாதாவே. பையில போட்டுட்டீங்களா? இல்ல, மேச மேலதான் கெடக்குதா? நீளக் கவரு ரெண்டுங்க. ஒண்ணு கோயமுத்தூருக்கு, ஒண்ணு வேலூருக்கு. எனக்குப் படிக்க வராதுங்க, ஆனா ஒண்ணோட மூலையில மஞ்சக் கற இருக்கும் பாருங்க. கொழம்புக்கு அரச்ச கையோட எடுத்தாந்துட்டேன். இருக்குதுங்களா? அதேதான் சார். கையெட்டற தூரத்துல கெடக்குது, குடுக்க மாட்டேங்கறீங்களே.

சட்டம்னா எனக்கென்னங்க தெரியும். பொட்டிக்குள்ள வுழுந்துட்டா அது சர்க்காருதாமா? எழுதுனவங்க நேர்ல வந்து, ஒரு தாள்ல கையெழுத்துப் போட்டுக் கேட்டாதான் குடுப்பீங்களா? எழுதுனது எங்க கோயிலு உபதேசியாரு சவுரியப்பன். இங்கிலீஷுல எழுதிக் குடுத்தாரு. அடியில கையெழுத்து எம் மவளோடது. புஷ்பமேரி. அவதான் வரணுமா? அவ வேணாம் சார். நான் கைநாட்டு வெக்கறேன். பத்து வெரலும் வெக்கறேன், போதலன்னா கால் வெரலயும் சேத்துக்கங்க.

மணி என்னங்க? ரெண்டேகாலா? பென்னாகரத்து பஸ்ஸு மூணுக்குத்தானே வரும், அதுல பை தருமபுரிக்குப் போயிரும். போயிருச்சுன்னா முடிஞ்சுதுங்க. அந்தக் கடுதாசியில சீட்டு வேணாம்னு எழுதியிருக்குது. டாக்டரு படிப்பு சீட்டுங்க. வேணாம்னு சொன்ன மறுநாளே வேற புள்ளைக்குத் தூக்கிக் குடுத்துருவாங்களாம். திங்கக்கெழம சேர்ற நாளு.

ஆமாங்க, ரெண்டு சீட்டு. ரெண்டென்ன, மூணு. நெசமாத்தான் சார். உங்க மாது அண்ணன்தானே தபாலு கொண்டாந்தாரு, கேட்டுப் பாருங்க. ஒரே வாரத்துல மூணு கடுதாசி. மூணாவது வந்தப்ப அவரே சிரிச்சுட்டாரு, என்னம்மா, உன் பொண்ணு என்ன ஊரு ஊரா ஆஸ்பத்திரிய வெலைக்கு வாங்கப் போறாளான்னாரு. எங்க வூட்டுல எட்டாவதத் தாண்டுனவங்க யாருமில்லீங்க. இவ சேலத்துல சிஸ்டருங்க ஆஸ்டல்ல இருந்து பியூசி படிச்சா. மெட்ராசுக்கு இண்டர்வியூக்குப் போனா, எம் பொடவையக் கட்டிக்கிட்டு.

அந்த வாரம் எங்க வூட்டுல நடந்த கூத்த நீங்க பாத்துருக்கணும். மூணு மாப்ள வூட்டுல இருந்து பொண்ணு கேட்டு வந்தாப்ல, வந்தவங்க எல்லாம் ஆளுக்கொரு காலேஜப் புடிச்சுக்கிட்டாங்க. பக்கத்து வூட்டு ராணியம்மாளு, வேலூருதாண்டி, எங்க மாமனாரு கல்லடைப்புக்கு அங்க போயித்தான் பொழச்சு வந்தாருன்னு ஒத்தக் கால்ல நின்னா. டீக்கட மாதேஸ்வரன், கோயமுத்தூர வுட்டுப்புடாதீங்க, சர்க்காரு காலேஜு, நாளைக்கே சர்க்காரு உத்தியோகம்னான். எங்கூட்டுக்காரரு பெரியநாயகம் இருக்காரே, மூணு கடுதாசியையும் சட்டப் பையில சொருவிக்கிட்டு மாரண்டஹள்ளிக்குத் தக்காளி விக்கப் போனாரு. தக்காளிய மறந்துட்டு காலேஜ வித்துட்டு வந்தாரு. சாயங்காலம் வந்து கூடையப் பாத்தா பாதி தக்காளி நசுங்கிக் கெடக்குது, மனுசன் மொகத்துல அப்படியொரு சிரிப்பு.

மூணாவதுங்களா? அது பெங்களூருங்க. சிஸ்டருங்க மூலமா வந்தது. படிப்பு, சாப்பாடு, துணி எல்லாம் மடத்துல பாத்துக்குவாங்க. ஆனா புள்ள மடத்துல சேந்துரணும். டாக்டருக்கும் டாக்டரு, கன்னியாஸ்திரிக்கும் கன்னியாஸ்திரி. பெரிய சிஸ்டரு நல்லவங்க சார், அவங்களக் குத்தம் சொன்னா என் நாக்கு அழுவிப் போவும். அம்மா, நீங்க கேக்கறது இருக்கட்டும், புள்ள தானா மனசு வந்து கேக்கணும்னு அவங்க சொல்லத்தான் சொன்னாங்க. நான்தான் காதுல வாங்கல.

அவளா? அவ கோயமுத்தூர எடுத்தா. மூணையும் பாயில பரப்பி வெச்சு, சுத்திச் சுத்தி வந்து பாத்துட்டு, கோயமுத்தூரு கடுதாசிய எடுத்து நெஞ்சுல வெச்சுக்கிட்டா. அம்மா, லீவுக்கு லீவு வந்துருவேன், படிச்சு முடிச்சு நம்ம பென்னாகரம் ஆஸ்பத்திரிக்கே வரேன், நீ தூக்குப்போணியில சோறு கொண்டாந்து குடுன்னா. நானும் சிரிச்சுக்கிட்டேதான் இருந்தேன். அன்னிக்குச் சாயங்காலம்தான் சேதி வந்துச்சு, எம் மவன் சவரி கிளீனரா போற லாரி தொப்பூரு எறக்கத்துல கவுந்துருச்சுன்னு. ஒண்ணும் ஆவலீங்க. தலையில ரெண்டு தையலு, கையில செராய்ப்பு. டிரைவருக்குத்தான் காலு ஒடஞ்சு போச்சு. அது வேற கத, அத வுடுங்க.

அப்பறமென்ன, எனக்குச் சோறு எறங்கல. மூணு நாளு பச்சத் தண்ணிதான். நாலாவது நாளு அவளக் கூட்டிக்கிட்டுப் போயி கோயிலு வாசல்ல மாதா செல இருக்கற கெபி முன்னால ஒக்கார வெச்சுச் சொன்னேன். உனக்கு நாலு வயசுல வெசக் காச்சலு வந்து கெடந்தே, பொழைக்க மாட்டேன்னுட்டாங்க, அப்ப நான் மாதாவுக்கு நேர்ந்துக்கிட்டேன், உன்ன மடத்துக்குக் குடுத்தர்றேன்னு. இத்தன வருசமா வாயத் தொறக்கல, இப்ப மாதாவே பெங்களூரு சீட்ட அனுப்பிக் கேக்குதுன்னேன்.

நேர்ச்சன்னா எங்களுக்கு வெளையாட்டு இல்லீங்க. ஆட்ட நேர்ந்தா ஆட்டக் குடுக்கணும், முடிய நேர்ந்தா முடியக் குடுக்கணும். புள்ளைய நேர்ந்தவங்களும் எங்க ஊர்ல இருக்காங்க. குடுக்காம வுட்டா, அது தானா எடுத்துக்கும்னு பயம்.

அவ கத்துவா, சண்ட போடுவான்னு பாத்தேன். ஒண்ணுமில்ல. ரொம்ப நேரம் மாதாவையே பாத்தா. எனக்காகவாம்மா வேண்டிக்கிட்டேன்னு கேட்டா. ஆமா கண்ணுன்னேன். நான் பொழச்சதே அதாலதானா? ஆமான்னேன். சரிம்மான்னு எழுந்து பாவாடையத் தட்டிக்கிட்டா. அவ்ளோதான். இன்னிக்குக் காலையில உபதேசியாரு எழுதிக் குடுத்தாரு, அவ கையெழுத்துப் போட்டா. ரெண்டுலயும். கோயமுத்தூரு கடுதாசிய மட்டும் மடிக்கறதுக்கு முன்னால ஒரு தரம் தடவிப் பாத்துக்கிட்டா. நான் அதப் பாக்காத மாதிரி அடுப்பு கிட்டப் போயிட்டேன். ஒரு வாயி பேசியிருந்தாள்னா அங்கயே கிழிச்சுப் போட்டிருப்பேன் சார். பேசலயே.

பத்து மணிக்கு இங்க வந்து போட்டுட்டு, வூட்டுக்குப் போயி ஒக்காந்தேன். அவ நோட்டும் பென்சிலும் எடுத்துக்கிட்டு எதுர்ல வந்து ஒக்காந்தா. அம்மா, எனக்கு வந்த காச்சலப் பத்திச் சொல்லு, என்ன காச்சலுன்னு நான் கண்டுபுடிக்கணும், டாக்டரானதும் மொத வைத்தியம் அந்தக் காச்சலுக்குத்தான் பாப்பேன்னா. எத்தன நாளும்மா இருந்துச்சு? பதினோரு நாளுன்னேன். வாந்தியா, வயித்தாலயான்னா. சொன்னேன். எழுதிக்கிட்டா. ஒடம்புல செவப்பா தடிச்சுதா? கேட்டதுக்கெல்லாம் சொன்னேன், எழுதி எழுதி வெச்சுக்கிட்டா. அப்பறம் என்ன ஆச்சு, தலமுடி கொட்டிச்சான்னா. அய்யோ, கொட்டிச்சான்னா கேக்கற? ஒரு முடி நிக்கல, மொட்டத் தலையா இருந்துச்சு, அந்த வருசக் கிறிஸ்துமசுக்குக் கூட முடி மொளைக்கலன்னு சொல்லிப்புட்டேன்.

அவ பென்சில நிறுத்திட்டா சார். எங்க வூட்டுச் சொவத்துல ஒரு போட்டா மாட்டியிருக்குது. அந்த வருசக் கிறிஸ்துமசுக்கு தருமபுரியில இருந்து ஆளு வந்து புடிச்சது. திரும்பி அதப் பாத்தா. நானும் பாத்தேன். அதுல அவளுக்கு ரெட்ட ஜட. ரிப்பன் கட்டி, பல்லக் காட்டிக்கிட்டு நிக்கறா. பக்கத்துல அவ அண்ணன், மண்ட பளபளன்னு.

அவ நோட்ட மூடுனா, பென்சில உள்ள வெச்சா, போயி கொடத்த எடுத்துக்கிட்டுத் தண்ணிக்குக் கெளம்பிட்டா. நான் போட்டது போட்டபடி எழுந்து ஓடியாந்தேன். மூணு மைலு சார், இந்த வெயில்ல. பாதி வழி வந்து திரும்பிப் பாத்தா கொடத்த எங்கயோ வெச்சுட்டு பின்னாலயே நடந்து வரா. நான் நின்னா அவளும் நிக்கறா. நான் நடந்தா நடக்கறா.  தா, எதுர்ல சைக்கிள் கட நெழல்ல நிக்கறா பாருங்க. பச்சப் பாவாட. அவதான்.

எதுக்கு அவளக் கூப்புடாம உங்க கிட்ட நின்னு கெஞ்சறேன்னு கேக்கறீங்க. கூப்புட்டா சொல்லணுமே சார். என்னத்தச் சொல்றது? நேர்ச்ச பொய்யில்ல. நெசந்தான். பதினோரு நாளும் நெசந்தான், முடி கொட்டுனதும் நெசந்தான். காச்சலு மட்டும் அவளுக்கில்ல. சவரிக்கு. அவ்ளோதாங்க விசயம்.

அவன் ஆறு வயசுப் புள்ள, கண்ணு மேல போயிருச்சு. ஒத்த ஆம்பளப் புள்ள. வண்டி கட்டப் போன எங்கூட்டுக்காரரு வர்ற வரைக்கும் என்னால சும்மா நிக்க முடியல. இவள இடுப்புல தூக்கிக்கிட்டுக் கோயிலுக்கு ஓடுனேன். வேவ வெச்ச கள்ளக்காய, அதான் நெலக்கடலைய, கையில வெச்சு உரிச்சுத் தின்னுக்கிட்டு இருந்தா. பீடத்துப் படியில இவள ஒக்கார வெச்சேன். அவன வுட்டுரு தாயே, இவள எடுத்துக்கோன்னேன். இந்த வாயாலதான் சொன்னேன். இவ என்ன பண்ணா தெரியுங்களா? ஒரு கள்ளக்காய உரிச்சு மாதாவுக்கு நீட்டுனா. தின்னுன்னா.

பொட்டப் புள்ளதானேன்னு நெனச்சிருப்பேன். இருக்கும். இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன், இன்னிக்குச் சொன்ன பொய்யே போதும். அண்ணனுக்காக நீ போடின்னு சொன்னா யாரு போவா? அதான் அவ உசுரயே அவளுக்கு வித்தேன். நம்பிக் கையெழுத்துப் போட்டா.

அவன் இன்னிக்கு மறுபடியும் லாரி ஏறிப் போயிருக்கான் சார். தையலு கூடப் பிரிக்கல. சேலத்துப் பக்கம் போறான், அதே தொப்பூரு எறக்கம்தான். நீங்க அந்தக் கவரக் குடுத்தீங்கன்னா அவனுக்கு என்ன ஆவுமோ, குடுக்கலன்னா இவ போயிருவா. பதினாலு வருசம் முன்ன நின்ன அதே எடத்துல நிக்கறேன். அப்ப ஒரு நொடியில சொல்லிப்புட்டேன். இப்ப வாயி வரல.

ஆரன் சத்தம் கேக்குதே. அதானுங்களா பஸ்ஸு? மூணு ஆவலயே இன்னும்! சார், பைய இன்னும் கட்டாதீங்க. உங்க புள்ளைங்க நல்லா இருக்கும். அந்தத் தாள எடுத்து வெய்யுங்க, அரக்கு அப்பறம் வெக்கலாம். கண்டக்டரு கிட்ட ஒரு நிமிசம் நிக்கச் சொல்லுங்க.

ஏ புஷ்பா! உள்ள வா கண்ணு. கையெழுத்துப் போடணும். இரு, பேனாவ வாங்காத. மொதல்ல அம்மா சொல்றதக் கேளு, கேட்டுட்டு அப்பறம் போடு. போட மனசில்லன்னா வேணாம். அந்தக் காச்சலு உனக்கு வரலடி.