அமிழ்ந்த வளைவும் லூர்துவின் பனிமதிலும்

அவைத்தலைவர் ஸ்ரீதேவி அவர்களே, ஹவுகன்ஸ்டுவா மண்டபத்தை நிறைத்திருக்கும் பெரியோரே, பிள்ளைகளை மடியிலும் அவர்களின் குளிர்ச்சட்டைகளைத் தோளிலும் சுமந்து வந்திருக்கும் தாய்மாரே, யாழ்ப்பாணத்துப் பேச்சும் தமிழ்நாட்டுப் பேச்சும் அடுத்தடுத்த நாற்காலிகளில் அமர்ந்திருக்கும் அவையே, வணக்கம்.

முதலில் செய்தி. நோர்வேயின் வடகோடியில் உள்ள ஹம்மர்பெஸ்ட் பக்கத்துக் கிளைச்சாலை ஒன்றில், சென்ற கோடையில் அமிழ்ந்த வளைவின் அடிமண் மீண்டும் உறையத் தொடங்கியிருக்கிறது. இதை உறுதிசெய்வது, சாலைப் பணியகம் நேற்று வெளியிட்ட வெப்பமானி அறிக்கை.

அது யாருடைய சாலை? வரைபடத்தில் அரசின் சாலை. அனஸ்ரேசியாவுக்கோ, இரத்தம் சுத்திகரிக்க மருத்துவமனைக்குப் போகும் ஒரே சாலை. அது மூடப்பட்டால் அவரும் கணவர் லூர்துவும் வீட்டை விட்டு நகரத்துக்குக் குடிபெயர வேண்டும். அந்தச் சாலையில் பனி வழிக்கும் வண்டி ஓட்டுபவரும் லூர்துதான்.

சாலைக்கு அடியில் கோடையிலும் உருகாத மண் இறுகிக் கிடந்தது. காற்று சூடேறச் சூடேற அது இளகுகிறது. இளகினால் கல் இறங்கும், கரை சரியும், தார் பிளக்கும். இதைக் கேள்விப்பட்ட லூர்து என்ன செய்தார்? வழித்த பனியை எல்லாம் அந்த வளைவின் சரிவிலே குவித்தார். குளிர்காலந்தோறும் குவித்தார். குவித்து, அழுத்தி, மதிலாகவே எழுப்பினார். ஏன்? முன்பு அவர் மீன் ஆலையில் வேலை செய்தவர். பழுதாகாமல் இருக்க மீனுக்கு மேல் ஐஸை அள்ளிப் போட்டுப் பழகிய கை அது.

வளைவு அமிழ்ந்த பிறகு, இந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் அளக்க வந்தவர் கிருஷ்ணகுமாரி. திருச்சியில் படித்து ஒஸ்லோவில் பணியாற்றும் பொறியாளர். லூர்துவும் நானும் அங்கே நின்றோம்.

"அண்ணா, பனி போர்வை மாதிரி. வெளியில மைனஸ் இருபது. அந்தக் குளிர் மண்ணுக்குள்ள இறங்கணும். நீங்க மூடி வச்சிருக்கீங்க."

"என்ன பிள்ளை கதைக்கிறீர்? ஐஸ் போட்டா மீன் அவியுமோ?"

"மீனைக் கெடுக்கிறது வெளியில இருக்கிற சூடு. இங்க வெளியில இருக்கிறது குளிருண்ணா."

மருத்துவமனைக்குப் போகும் வழியில் அங்கே வந்து நின்ற நோயாளர் வண்டியின் கண்ணாடியை இறக்கினார் அனஸ்ரேசியா. "றோட்டுக்கு இவ்வளவு போர்த்து விட்டவர், எனக்கு ஒரு நாளாவது கம்பளி போர்த்து விட்டவரோ எண்டு கேளும் பிள்ளை."

நீங்கள் சிரிக்கிறீர்கள். லூர்து சிரிக்கவில்லை. "அப்ப நான்தானோ?" என்றார்.

"நீங்க மட்டும் இல்லைண்ணா. மண் ஏற்கெனவே சூடாகிட்டுதான் இருந்தது. நீங்க கொஞ்சம் சீக்கிரமாக்கிட்டீங்க."

முன்வரிசையில் ஓர் அம்மா கேட்கிறார், பனியும் குளிர்தானே என்று. ஓம் அம்மா, குளிர்தான். அதைவிடக் குளிரானது அதன் மேல் வீசும் காற்று. அந்தக் காற்றைத்தான் பனி மண்ணிடம் போகவிடவில்லை.

அந்த வாரமே லூர்து மதிலை உடைத்தார். இப்போது சரிவைச் சுரண்டி வெறுமையாக்கி, பனியைத் தொலைவில் சதுப்பு நிலத்தில் கொட்டுகிறார். பணியகத்தார் சரிவில் பெருங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கியிருக்கிறார்கள், இடுக்கு வழியே குளிர் இறங்குவதற்காக.

உழைப்பு குறைந்ததா? இல்லை. அக்கறை குறைந்ததா? இல்லை, மனைவிக்காகக் குவித்த பனி அது. குறைந்தது என்ன? கரைக்கு அடியில் வெப்பமானி புதைத்தவர்கள், கரைக்கு மேலே வண்டி ஓட்டுபவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இளகும் மண்ணில் சாலை நிற்கக் கல் வேண்டும், காற்று வேண்டும், கணக்கு வேண்டும். அந்தக் கணக்கு அதே சாலையில் உழைப்பவரின் காதுக்கும் போய்ச் சேர வேண்டும்.

மண் உறைவது உறுதியான செய்தி. வரும் கோடையைத் தாங்குமா என்பது இன்னும் செய்தியாகவில்லை. மண் மிக ஆழமாக இளகுவது செப்டம்பரில். அப்போது எடுக்கும் அளவை வைத்து, சாலையைத் திறந்து வைப்பதா மூடுவதா என்பதைப் பணியகம் அக்டோபர் முதல் வாரத்தில் அறிவிக்கும். அதுவரை நோயாளர் வண்டிக்கு மட்டும் அனுமதி. அனஸ்ரேசியா இன்னும் வீட்டுச் சாமான்களைக் கட்டத் தொடங்கவில்லை.

இவ்வளவு நேரம் செவி தந்தீர்கள். நன்றி கூறி, வணங்கி அமர்கிறேன்.